மார்பகக் குறைப்பு ஆபரேஷன்: குமரி மாவட்டத்திலிருந்து போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தக்கலை பக்கம் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 41. போன வருடம் ஜனவரியில் எனக்கு மார்பகக் குறைப்பு ஆபரேஷன் நடந்தது. வலது பக்கம் 640 கிராம், இடது பக்கம் 710 கிராம் எடுத்தார்கள்.

ஆபரேஷன் எனக்குப் பெரிய கஷ்டமாக இல்லை. அதற்கு முன் ஒன்றரை வருடம் அலைந்ததுதான் கஷ்டம். எந்த டாக்டரிடம் போவது, என்ன காகிதம் வேண்டும், எவ்வளவு செலவாகும் என்று தமிழில் சொல்ல ஆள் இல்லை. வாய் திறந்து கேட்கவும் கூச்சம். இப்போது கடையில் அளவு எடுக்கும்போது, பிரா பட்டை பதிந்த தோள் பள்ளத்தைக் காட்டி, "அக்கா, ஒங்களுக்கும் இப்படி உண்டா?" என்று மெதுவாகக் கேட்கிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. மருந்து, மாத்திரை எதுவானாலும் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

1. இது உங்களுக்கானதா என்று பாருங்கள்

கழுத்து, தோள், மேல்முதுகு மூன்றிலும் மாறாத வலி. பிரா பட்டை இழுத்து இழுத்துத் தோளில் விழுந்த பள்ளம். மார்புக்கு அடியில் வியர்வை தங்கி, சிவந்து, அரித்து, தோல் உரிவது. சிலருக்கு விரல்கள் மரத்துப்போகும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்த அடிமடிப்புப் புண் ஒரு பக்கம் ஆறும்போதே மறு பக்கம் தொடங்கிவிடும். நான் பத்து வருடம் தேங்காய் எண்ணெயும் பவுடரும் போட்டேன். பவுடர் வியர்வையோடு சேர்ந்து களியாகி இன்னும் மோசமானதுதான் மிச்சம். அது பூஞ்சைத் தொற்று. தோல் டாக்டர் எழுதித் தந்த களிம்பில் இரண்டு வாரத்தில் அடங்கியது. ஆனால் பாரம் அப்படியே இருந்ததால் திரும்பத் திரும்ப வந்தது.

கொஞ்சம் பொறுக்க வேண்டியவர்களும் உண்டு. கர்ப்பமாக இருப்பவர்களுக்குச் செய்வதில்லை. பால் கொடுப்பவர்கள் நிறுத்தி ஆறு மாதமாவது ஆன பிறகு வரச் சொல்வார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வளர்ச்சி நின்று அளவு நிலைத்திருக்க வேண்டும். பொதுவாக 18 வயது வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். எடை குறைக்கும் முயற்சியில் இருந்தால் முதலில் அதை முடியுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு 10 கிலோ இறங்கினாலும் ஏறினாலும் வடிவம் மாறிவிடும்.

எண்ணெய், க்ரீம், மாத்திரை எதுவும் மார்பைக் குறைக்காது. இதைச் சொல்லிப் பணம் வாங்குகிறவர்கள் நிறையப் பேர். நான் 3,200 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன்.

2. வலியைத் தாளில் ஏற்றுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள்.

முதல் தடவை இன்சூரன்ஸுக்கு அனுப்பியபோது "அழகு சிகிச்சை" என்று ஒரே வரியில் திருப்பிவிட்டார்கள். என்னால் எதிர்த்துச் சொல்ல முடியவில்லை. வலிக்கு நான் இத்தனை வருடம் பார்த்த வைத்தியம் எல்லாம் வர்ம எண்ணெய் தேய்த்ததும், மெடிக்கலில் சும்மா கேட்டு வாங்கிய மாத்திரையும்தான். ஒரு சீட்டுகூட இல்லை. என்னிடம் வலி இருந்தது, வலி இருந்ததற்கான தாள் இல்லை.

அப்புறம் எட்டு மாதம் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். நீங்கள் இன்றைக்கே தொடங்கலாம், ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யாவிட்டாலும்:

எலும்பு டாக்டரிடம் போய்க் கழுத்து, முதுகு வலியைக் காட்டுங்கள். கழுத்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் எடுங்கள். வலிக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று தெரிவது உங்களுக்கும் நல்லது. அவர் பிசியோதெரபி எழுதினால் முழுதாகப் போங்கள். நான் ஆறு வாரம் போனேன். போய் வந்த தேதிகளோடு ஒரு கடிதம் வாங்கி வைத்தேன்.

அடிமடிப்பில் புண் வரும்போதெல்லாம் தோல் டாக்டரைப் பாருங்கள். ஆறின பிறகு போய்ப் பயனில்லை. "மார்பகப் பாரத்தால் மடிப்பில் திரும்பத் திரும்ப வரும் தொற்று" என்று காரணத்தைச் சீட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். உண்மையாக இருப்பதை எழுதச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். இல்லாததை எழுதச் சொல்லாதீர்கள்.

சரியான அளவில், அகலப் பட்டை உள்ள பிரா போட்டும் வலி போகவில்லை என்பதும் சீட்டில் வர வேண்டும். அதைத்தான் அவர்கள் முதலில் கேட்கிறார்கள்.

எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். என் ஆதாரில் அப்பா பெயரின் இனிஷியல், பாலிசியில் கணவர் பெயரின் இனிஷியல், எக்ஸ்ரே கவரில் இனிஷியலே இல்லை. இந்த ஒன்றுக்காக மட்டும் பதினேழு நாள் போனது. கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாற்றிய நம் ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் காத்திருக்கிறது. முதலிலேயே ஆதாரையும் பாலிசியையும் ஒன்றாக்கிவிடுங்கள்.

ஒரு ஃபைல் வாங்கி, தேதி வாரியாக வையுங்கள். அசல் ஒன்று, ஜெராக்ஸ் இரண்டு. மெடிக்கல் பில்லையும் போனில் படம் எடுத்து வையுங்கள். சூட்டில் அந்தத் தாளின் எழுத்து ஆறு மாதத்தில் வெளுத்துப்போகும்.

3. டாக்டரைத் தேடுவது

இதைச் செய்ய வேண்டியவர் பிளாஸ்டிக் சர்ஜன். எம்.பி.பி.எஸ்., எம்.எஸ். முடித்த பிறகு எம்.சிஎச். அல்லது டி.என்.பி. (இப்போது டிஆர்.என்.பி.) பிளாஸ்டிக் சர்ஜரி படித்திருக்க வேண்டும். "காஸ்மெட்டிக் நிபுணர்" என்று பலகை வைத்திருப்பது மட்டும் போதாது. தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் மருத்துவர் பதிவேடு இருக்கிறது. பெயரைப் போட்டுத் தேடினால் படிப்பும் பதிவு எண்ணும் வரும். ஐந்து நிமிட வேலை.

குமரியில் இருப்பவர்களுக்கு வழி இரண்டு பக்கம். மேற்கே திருவனந்தபுரம், வடக்கே மதுரை. அரசு மருத்துவமனை என்றால் மதுரை ராஜாஜி, சென்னை ஸ்டான்லி இரண்டிலும் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு உண்டு. திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரியிலும் உண்டு. செலவு மிகக் குறைவு. ஆனால் விபத்து, தீக்காயம், புற்றுநோய் கேஸ்களுக்கு முதல் இடம் தருவார்கள், தரத்தான் வேண்டும்; உங்கள் தேதி தள்ளிப்போகும். நம் மாவட்டத்து அரசு மருத்துவமனையான ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் முதலில் ஒரு ஓ.பி. சீட்டு போட்டு, சர்ஜரி பிரிவில் காட்டி, எங்கே அனுப்புவார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அங்கிருந்து எழுதித் தரும் பரிந்துரைக் கடிதம் பின்னால் உதவும்.

நான் தனியார் மருத்துவமனையில், திருவனந்தபுரத்தில் செய்தேன். தக்கலையிலிருந்து 50 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மூன்று டாக்டர்களைப் பார்த்தேன். ஒருவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பேக்கேஜ் விலை சொன்னார். ஒருவர், "கொழுப்பை மட்டும் உறிஞ்சி எடுத்துவிடலாம், தழும்பே இருக்காது" என்றார். கொழுப்பு மட்டும் அதிகமாக இருக்கும் சிலருக்கு அது சரிப்படும். தொங்கிப்போன மார்புக்கு அது போதாது, தோல் அப்படியே தொங்கும். மூன்றாவது டாக்டர், கேடு வரக்கூடியவற்றை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு நன்மையைச் சொன்னார். அவரிடம்தான் செய்தேன்.

4. முதல் சந்திப்பில்

ரவிக்கையைக் கழற்றி நிற்க வேண்டியிருக்கும். கூட ஒரு பெண் நர்ஸ் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேளுங்கள், உங்களுக்கு அந்த உரிமை உண்டு. துணைக்கு அக்காவையோ மைனியையோ கூட்டிப் போங்கள். அளவெடுத்த பிறகு படம் எடுப்பார்கள். முகம் தெரியக் கூடாது, மருத்துவமனைக் கேமராவில்தான் எடுக்க வேண்டும், விளம்பரத்துக்குப் பயன்படுத்தச் சம்மதம் இல்லை என்று ஒப்புதல் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். "வாட்ஸாப்பில் அனுப்புங்கள்" என்று யார் கேட்டாலும் அனுப்பாதீர்கள்.

எப்படி வெட்டுவார்கள் என்பதைத் தையல்காரியாக எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். காம்பைச் சுற்றி ஒரு வட்டம். அங்கிருந்து நேரே கீழே ஒரு கோடு. அடிமடிப்பு நெடுக ஒரு கோடு. மூன்றும் சேர்ந்தால் நங்கூரம் போல இருக்கும். பிளவுஸில் டார்ட் பிடிப்பது மாதிரியேதான்: நடுவில் இருப்பதை எடுத்துவிட்டு இரண்டு ஓரத்தையும் சேர்க்கிறார்கள். காம்பை வெட்டித் தனியாக எடுப்பதில்லை. ரத்த ஓட்டமும் நரம்பும் உள்ள சதையோடு சேர்த்தே மேலே ஏற்றி வைக்கிறார்கள். மிகப் பெரிய அளவாக இருந்தால் மட்டும் காம்பைத் தனியாக எடுத்து ஒட்டுவார்கள். அப்போது அங்கே உணர்ச்சி போய்விடும், பாலும் கொடுக்க முடியாது. உங்களுக்கு எது என்று கேட்டே ஆக வேண்டும். சின்னக் குறைப்பு என்றால் அடிமடிப்புக் கோடு இல்லாமலும் செய்வதுண்டு.

இவற்றையும் கேளுங்கள்: இன்னொரு குழந்தை வேண்டும் என்றால் பால் சுரப்பு எப்படி இருக்கும்? (குறையலாம், சிலருக்கு வராமலே போகலாம். எந்த டாக்டரும் உறுதி தர முடியாது.) காம்பில் உணர்ச்சி குறையுமா? எனக்குத் தழும்பு தடிக்கும் உடம்பா? காது குத்திய இடத்தில் தடித்தவர்கள் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். எவ்வளவு சிறியதாக்குவீர்கள்? "சி கப் ஆகும்" என்று யாராவது உத்தரவாதம் தந்தால் நம்ப வேண்டாம். கம்பெனிக்குக் கம்பெனி கப் அளவு மாறும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். உடம்பின் அகலத்துக்கு ஏற்ற அளவு, இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக, என்பதுதான் நியாயமான பேச்சு.

5. பணம்

எனக்குச் சொன்ன விலைகள்: ஒரு இடத்தில் 1,10,000, மற்ற இரண்டில் 1,65,000, 2,30,000. குறைந்த விலையைப் பார்த்ததும் சந்தோஷப்படாதீர்கள். அந்த 1,10,000-இல் மயக்க மருந்து டாக்டர் கட்டணம் இல்லை, பயாப்சி (எடுத்த சதையைப் பரிசோதிப்பது) இல்லை, மருந்து இல்லை. எழுத்தில் கேட்டபோதுதான் தெரிந்தது.

மதிப்பீட்டுத் தாளில் இவை தனித்தனியாக இருக்க வேண்டும்: சர்ஜன், மயக்க டாக்டர், தியேட்டர், அறை வாடகை, மருந்து, எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பும் செலவு, பின்னால் கட்டுப் பிரிக்கப் போகும் நாட்களின் கட்டணம், மறுபடி தியேட்டருக்குப் போக நேர்ந்தால் யார் கட்டுவது.

அப்புறம் ஜி.எஸ்.டி. மருத்துவச் சிகிச்சைக்கு வரி இல்லை, ஆனால் அழகுக்காகச் செய்யும் அறுவை சிகிச்சைக்கு 18 சதவீதம் உண்டு. ஒன்றரை லட்சத்துக்கு 27,000 ரூபாய். உங்கள் ஆபரேஷனை எந்தக் கணக்கில் எழுதப் போகிறார்கள் என்று பில்லிங் கவுண்ட்டரில் அட்மிஷனுக்கு முன்பே கேளுங்கள். இரண்டாம் படியில் சேர்த்த ஃபைல் இங்கேயும் பேசும்.

பேக்கேஜுக்கு வெளியே எனக்கு ஆனவை: முன்பரிசோதனைகள் 6,800. ஆபரேஷன் பிரா இரண்டு, 3,800. போக வரக் கார் நான்கு தடவை, 11,000. கட்டுத் துணி, மாத்திரை 4,500. தழும்புக்கு சிலிக்கான் ஜெல் இதுவரை 5,000-க்கு மேல். கடை ஆறு வாரம் மூடிக் கிடந்ததையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

6. இன்சூரன்ஸ்

எல்லா மருத்துவ பாலிசியிலும் அழகு சிகிச்சை, பிளாஸ்டிக் சர்ஜரி கிடையாது என்று ஒரு விதி இருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த அந்த விதியின் எண் 08. ஆனால் அதே விதியில் விலக்கும் இருக்கிறது: விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின் சீரமைப்பது, அல்லது நேரடியான, உடனடி உடல்நல ஆபத்தை நீக்க மருத்துவ ரீதியில் தேவை என்று சிகிச்சை தரும் டாக்டர் சான்று எழுதித் தருவது. கம்பெனிகள் "உடனடி ஆபத்து" என்ற வார்த்தையைப் பிடித்துக்கொள்ளும். அதனால் கிடைத்தே தீரும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். ஆனால் முயற்சிக்காமல் விடவும் வேண்டாம்.

என் இரண்டாம் விண்ணப்பத்தோடு போனவை: சர்ஜன் எழுதிய ஒரு பக்கக் கடிதம் (அறிகுறிகள், எத்தனை வருடம், பார்த்த வைத்தியங்கள், எடுக்கப் போகும் தோராய எடை, ஏன் தேவை), எலும்பு, தோல் டாக்டர் சீட்டுகள், பிசியோதெரபிக் கடிதம், எக்ஸ்ரே, மார்பக ஸ்கேன், தோள் பள்ளமும் புண்ணும் தெரியும் படங்கள். மருத்துவமனை இன்சூரன்ஸ் டெஸ்க் வழியாகத்தான் அனுப்பினோம். ஒரு கேள்வி கேட்டுத் திருப்பினார்கள், அன்றே பதில் போனது. கடைசியில் 1,20,000 ஒத்துக்கொண்டார்கள். மீதி என் கையிலிருந்து.

பாலிசி எடுத்துச் சில மாதமே ஆனவர்களுக்குக் காத்திருப்புக் காலம் குறுக்கே நிற்கும். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு அது 3 வருடம் வரை இருக்கலாம். பாலிசித் தாளைப் படித்துவிட்டுத் தேதி குறியுங்கள்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவு. ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. கம்பெனியின் மறுப்பு வந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

பணத்தை முதலில் நாமே கட்டிவிட்டுப் பிறகு கம்பெனியிடம் வாங்குவதானால் டிஸ்சார்ஜ் சம்மரி, பிரித்து எழுதிய பில், பணம் கட்டிய ரசீது, பயாப்சி முடிவு, ஆபரேஷன் குறிப்பு, மருந்து பில்களோடு அவற்றுக்கான சீட்டு, பெயர் அச்சிட்ட கேன்சல் செய்த செக், ஆதார், பான் எல்லாம் வேண்டும். ஆபரேஷன் குறிப்பில் எடுத்த எடை கிராமில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பின்னால் போய்க் கேட்டால் மெடிக்கல் ரெக்கார்ட்ஸில் ஒரு வாரம் நடக்க வேண்டும்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள் (ஆண்டு வருமானம் 1,20,000-க்குள்), பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத்தான் அது செல்லும் என்பதால் அரசு மருத்துவமனைக் காப்பீட்டுக் கவுண்ட்டரில் முன்பே கேளுங்கள். முந்திரி ஆலையில் வேலை பார்க்கும் சகோதரிகள் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி வழியாகப் பரிந்துரை வாங்கிப் போக வேண்டும். நேராகத் தனியாருக்குப் போய்ப் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு கேட்பது சிக்கல்.

7. தேதி குறிப்பது, தயாராவது

வெயில் காலம் வேண்டாம். மார்ச்சிலிருந்து மே வரை இறுக்கமான பிராவை இரவும் பகலும் போட்டுக்கொண்டு இருக்க முடியாது. ஜூன் மழையிலும் ஐப்பசி மழையிலும் துணி காயாது, ஈரம் பட்டால் புண்ணுக்கு நல்லதில்லை. கிறிஸ்துமஸ் தையல் முடிந்ததும் ஜனவரி எனக்குச் சரியாக இருந்தது. உங்கள் வேலைக்கு எது ஓய்வான மாதம் என்று பாருங்கள். ஆறு வாரம் வேண்டும்.

பரிசோதனைகள்: ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, ரத்தம் உறையும் நேரம், மஞ்சள் காமாலை வைரஸ், எச்.ஐ.வி., இ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே. 40 வயதுக்கு மேல் மேமோகிராமும் உண்டு, இதைத் தவிர்க்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு மூன்று மாதச் சராசரியைப் பார்ப்பார்கள். அது கூடுதலாக இருந்தால் தள்ளிவைப்பார்கள், சண்டை போட வேண்டாம், புண் ஆறாது. எனக்கு ஹீமோகுளோபின் 9.4 இருந்ததால் ஒரு மாதம் இரும்புச்சத்து மாத்திரை போட்டு 11 தாண்டிய பிறகுதான் தேதி தந்தார்கள். முன்பே தெரிந்திருந்தால் அந்த மாதம் மிஞ்சியிருக்கும்.

ரத்தத்தை இளக்கும் மாத்திரை, ஆஸ்பிரின், வலி மாத்திரை, கருத்தடை மாத்திரை எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள், எதை எப்போது நிறுத்துவது என்று அவர் சொல்வார். கஷாயம், லேகியம், சித்த மருந்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். "அது மருந்தா, சும்மா கஷாயம்தானே" என்று நாம் விட்டுவிடுகிறோம். புகை, வெற்றிலையோடு புகையிலை இருந்தால் குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்த வேண்டும்; காம்புக்குப் போகும் ரத்தத்தை அது குறைத்துவிடும்.

வீட்டில்: முன்பக்கம் திறக்கும் நைட்டி நான்கு. தலை வழியாகப் போடுவது மூன்று வாரத்துக்கு முடியாது. நான் என் பழைய நைட்டிகளை முன்னால் வெட்டி, ஹூக் வேண்டாம் என்று பெரிய பொத்தான் வைத்தேன். ஹூக் மாட்டக் கையைப் பின்னியெடுக்க வேண்டும், பொத்தான் ஒரு கையால் போடலாம். அரிசி, எண்ணெய், டம்ளர் எல்லாவற்றையும் இடுப்பு உயரத்தில் இறக்கி வையுங்கள். மல்லாந்து சாய்ந்து படுக்க மூன்று தலையணை.

ஆள் துணை கட்டாயம். என் மாமி முதலில், "கடவுள் தந்தத கொண்டு போய் வெட்டப் போறியா மக்ளே?" என்று அழுதார். நான் சட்டையை இறக்கித் தோளில் இருந்த பள்ளத்தைக் காட்டினேன். விரலை அதில் வைத்துப் பார்த்தார். நகம் மறையும் அளவுக்கு உள்ளே போனது. அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வாரம் என்கூட இருந்ததும் அவர்தான். வீட்டில் யார் மறுத்தாலும் முதலில் அந்தப் பள்ளத்தைக் காட்டுங்கள்.

8. ஆபரேஷன் நாள்

திட உணவு 6 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும், வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை. சாயாவும் பாலும் தண்ணீர்க் கணக்கில் வராது. நகப்பூச்சு, தாலி, மெட்டி, கம்மல் எல்லாம் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

தியேட்டருக்குப் போகும் முன் டாக்டர் உங்களை நிற்கவைத்து மார்க்கரால் கோடு போடுவார். படுத்தால் அளவு மாறிவிடும் என்பதால் நின்றபடிதான். கழுத்துக் குழியிலிருந்து காம்புக்கு டேப் வைத்து அளந்தார், நடுக்கோடு இழுத்தார், ஒரு பக்கம் போட்டதை மறுபக்கம் சரிபார்த்தார். நான் கட்டிங் டேபிளில் செய்வதைப் பார்த்தது போலிருந்தது. பயம் பாதி அங்கேயே போனது. இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று கண்ணாடியில் நீங்களும் பாருங்கள். பேசுவதற்கு அதுதான் கடைசி நேரம்.

முழு மயக்கம். 2 முதல் 4 மணி நேரம் ஆகும். விழிக்கும்போது தொண்டை கரகரக்கும், குமட்டும், குளிரும். சிலருக்கு இரண்டு பக்கமும் மெல்லிய குழாய் வைத்து ரத்தநீர் வடிய விடுவார்கள். ஓரிரு நாளில் எடுத்துவிடுவார்கள், எடுக்கும்போது ஒரு நொடி சுருக்கென்று இருக்கும். வலி, நான் நினைத்ததில் பாதிகூட இல்லை. இரண்டு இரவு இருந்தேன். அன்று மாலையே எழுப்பி நடக்க வைப்பார்கள், மறுக்காதீர்கள். காலில் ரத்தம் கட்டாமல் இருக்க அது வேண்டும்.

9. வீடு திரும்புதல், முதல் இரண்டு வாரம்

திருவனந்தபுரத்திலிருந்து வருகிறவர்கள் ஒரு சின்னத் தலையணை எடுத்துப் போங்கள். சீட் பெல்ட்டுக்கும் மார்புக்கும் நடுவில் அதை வைத்து அணைத்துக்கொண்டால் பள்ளத்தில் கார் குதிக்கும்போது தெரியாது. பாலராமபுரம், நெய்யாற்றின்கரை நெரிசலைத் தவிர்க்க மதியம் கிளம்புங்கள். பஸ், ஆட்டோ வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது நாளிலிருந்து ஐந்தாவது நாள் வரை எனக்குக் காரணமில்லாமல் அழுகை வந்தது. மயக்க மருந்து, வலி மாத்திரை, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்தது, போய்விடும். வலி மாத்திரையால் மலச்சிக்கலும் வரும். தினம் இரண்டு மட்டிப்பழமும் நிறையத் தண்ணீரும் எனக்கு உதவின.

"புண் ஆறும்வரை மீன் வேண்டாம், முட்டை வேண்டாம்" என்று பத்தியம் சொல்ல ஆட்கள் வருவார்கள். டாக்டர் சொன்னது நேர் எதிர்: புரதம் வேண்டும். மீன், முட்டை, பயறு எல்லாம் சாப்பிட்டேன்.

எத்தனையாவது நாளில் குளிக்கலாம் என்று உங்கள் டாக்டர் சொல்வார். குளம், ஆறு, அருவி, கடல் எதுவும் புண் முழுதாக மூடும் வரை கூடாது. ஆபரேஷன் பிராவைக் குளிக்கும்போது தவிரக் கழற்றக் கூடாது, 4 முதல் 6 வாரம். கம்பி வைத்த பிரா பல மாதம் வேண்டாம்.

கனம் தூக்குவதில்தான் நம் பெண்கள் தவறு செய்கிறார்கள். கிணற்றில் தண்ணீர் கோருவது, தேங்காய் துருவுவது, மாவு பிசைவது, துணி பிழிவது, குழந்தையைத் தூக்குவது, ஸ்கூட்டர் ஸ்டாண்டு போடுவது, எல்லாமே மார்புத் தசையை இழுக்கும். 6 வாரம் கிட்டப் போகாதீர்கள். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு இரண்டு, மூன்று வாரத்தில் போகலாம். ரப்பர் வெட்டுகிறவர்களும் ஆலைத் தொழிலாளர்களும் 6 வாரத்துக்கே மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கிவிடுங்கள்.

10. மூன்றாவது வாரம் தையல் பிரிந்தால்

இதை எனக்கு யாராவது சொல்லியிருந்தால் ஓர் இரவு தூக்கம் மிஞ்சியிருக்கும். பதினெட்டாம் நாள், நேர்கோடும் அடிக்கோடும் சந்திக்கும் இடத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்குத் திறந்து, மஞ்சளாக ஈரம் வந்தது. எல்லாம் கெட்டுப்போச்சு என்று நினைத்தேன். மூன்று தையல் கூடுகிற இடத்தில் இழுப்பு அதிகம், துணியிலும் அங்கேதான் முதலில் விடும். ஆபரேஷன் செய்கிறவர்களில் பலருக்கு இது வரும். படம் எடுக்காமல் போன் செய்துவிட்டு நேரே போய்க் காட்டினேன். சுத்தம் செய்து, தினம் கட்டு மாற்றச் சொன்னார்கள். மறுபடி தைக்கவில்லை. ஐந்து வாரத்தில் தானாக மூடியது. தக்கலையிலேயே ஒரு நர்ஸம்மாவிடம் கட்டு மாற்றிக்கொண்டேன். தினம் திருவனந்தபுரம் போக வேண்டியதில்லை. அதில் மஞ்சள், எண்ணெய், பச்சிலை எதையும் வைக்காதீர்கள்.

உடனே ஓட வேண்டியவை வேறு: ஒரு பக்கம் மட்டும் திடீரென்று கல்லாக வீங்கி வலிப்பது (முதல் நாளில் இதுதான் முக்கியம், உள்ளே ரத்தம் கட்டலாம்). காம்பு நீலமாக, கறுப்பாக மாறுவது. 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல். சீழ், நாற்றம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சு வாங்குவது. கடைசி இரண்டுக்கும் 108-ஐக் கூப்பிடுங்கள், திருவனந்தபுரம் போகலாம் என்று காரைத் தேடாதீர்கள். பக்கத்தில் எது பெரிய மருத்துவமனையோ அங்கே.

11. அப்புறம்

பயாப்சி முடிவை வாங்கிப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் வரும், பலர் வாங்குவதே இல்லை. தழும்பு முதல் ஆறு மாதம் சிவந்து, தடித்து, அரிக்கும். மங்க ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். புண் முழுதாக மூடிய பிறகுதான் சிலிக்கான் ஜெல். ஆபரேஷனுக்குப் பின் எப்போது புதிதாக மேமோகிராம் எடுப்பது என்று கேட்டு வையுங்கள், பழைய படத்தோடு அப்படியே ஒப்பிட முடியாது. இனி எடுக்கும் இடத்திலெல்லாம் இந்த ஆபரேஷனைச் சொல்ல வேண்டும்.

என் கழுத்து வலி முதல் வாரத்திலேயே போய்விட்டது. இடது காம்பில் உணர்ச்சி இன்னும் பாதிதான் வந்திருக்கிறது. தோள் பள்ளம் ஆழம் குறைந்திருக்கிறது, முழுதாக நிரம்பவில்லை. ஏழாவது வாரம் கடையைத் திறந்து மெஷினில் உட்கார்ந்தபோது, குனியாமலே ஊசி தெரிந்தது. அதுவரை ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

புது பிளவுஸ் தைக்க அவசரப்படாதீர்கள். வீக்கம் வடிந்து அளவு நிலைக்க ஆறு மாதம் ஆகும். அதற்குள் கல்யாணம், காட்சி என்று வந்துவிட்டால், பழைய அளவு ஜாக்கெட்டைத் தையல்காரரிடம் கொடுக்காமல் நேரில் அளவு கொடுங்கள். இரண்டு பக்க உள்தையலிலும் ஒன்றரை அங்குலம் விடச் சொல்லுங்கள். அடிப்பட்டி அடிமடிப்புத் தழும்பின் மேல் உட்காராமல் ஒரு அங்குலம் இறங்கி வரட்டும், உள்ளே மென்மையான பருத்தி லைனிங் வையுங்கள், ஹூக் முன்பக்கம்.